பரீட்சைக்கு முன் பத்து நிமிட விளையாட்டு

(வெள்ளவத்தையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்னால் நிற்கும் அப்பாமார் முன்னுக்கு வந்து இருங்கள், கதிரைகள் இருக்கின்றன. பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டாம். இது அவர்களுக்கும் உரிய பேச்சுத்தான்.

வீடு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டு முடித்ததும் உங்களில் அநேகர் கேட்கும் அடுத்த கேள்வி பிள்ளையின் ஆங்கிலத்தைப் பற்றியது. தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்த பிள்ளை அங்கே மூன்றாம் வகுப்பு, இங்கே தரம் 3. பாடப்புத்தகம் வேறு, ஆசிரியரின் உச்சரிப்பும் வேறு. வன்னியிலிருந்து வந்த பிள்ளைக்கோ பக்கத்து அனெக்ஸ் பிள்ளை பேசும் ஆங்கிலத்தைக் கேட்டாலே வாய் மூடிவிடுகிறது. அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘ஸ்டார்ட்டர்ஸ்’ பரீட்சை எடுக்கிறதாம், நாங்களும் எடுப்பிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைப்போம். ஸ்டார்ட்டர்ஸ், மூவர்ஸ், ஃபிளையர்ஸ் என்ற மூன்றும் கேம்பிரிட்ஜ் நடத்தும் சிறுவர் ஆங்கிலப் பரீட்சையின் மூன்று படிகள். கொழும்பில் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாக எடுக்கலாம். கொள்ளுப்பிட்டியில், அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் இருக்கிறது. அரசாங்கப் பாடசாலையில் சேருவதற்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. இதில் சித்தி, சித்தியின்மை என்ற பேச்சும் இல்லை. கேட்டல், வாசித்தலும் எழுதுதலும், பேசுதல் என்ற மூன்று பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கேடயப் படங்கள், மொத்தம் 15. எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே வீட்டு வாடகைக்கு முற்பணம் கட்டக் காசு தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் இந்த வருடம் இதற்குக் காசு கட்ட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அடுத்த வருடமும் பரீட்சை இருக்கும். ஸ்டார்ட்டர்ஸ் எடுக்காமல் நேரே மூவர்ஸ் எடுக்கவும் தடை இல்லை.

ஆனால் இந்தப் பரீட்சை என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்வது எல்லோருக்கும் பயன்படும், தவணைப் பரீட்சை மட்டும் எழுதும் பிள்ளைக்கும்கூட. பாடசாலையில் தரம் 1, 2 இல் ஆங்கிலம் வாய்மொழியாகவும் செயற்பாடாகவும்தான் நடக்கிறது. பாடப்புத்தகம் தரம் 3 இல்தான் வருகிறது. கேட்பது, கேட்டதைச் செய்வது, பிறகு பேசுவது என்ற அதே ஒழுங்கில்தான் ஸ்டார்ட்டர்ஸும் போகிறது. கேட்டல் பகுதியில் ஒரு படத்தைக் கொடுத்து, ஒரே பொருள் பல இடங்களில் கிடப்பதைக் காட்டி, இன்ன இடத்தில் உள்ளதற்கு இன்ன நிறம் தீட்டு என்பார்கள். பேசுதல் பகுதியில் சிறு அட்டைகளைக் கொடுத்து, இதை அங்கே வை என்பார்கள். இதற்கெல்லாம் சொற்களைக் கொப்பியில் இருபது தரம் எழுதிப் பாடமாக்கி என்ன பயன்? கை வைத்துப் பழகிய பிள்ளைக்குத்தான் இது வரும்.

எங்கள் பிள்ளைகள் தடுக்குவது எங்கே என்று பாருங்கள். ‘மேசையில் புத்தகம்’, ‘பெட்டியில் புத்தகம்’. தமிழில் இரண்டுக்கும் ‘இல்’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் மேசைக்கு ‘ஒன்’, பெட்டிக்கு ‘இன்’. பிள்ளை மக்கு இல்லை; அதன் தாய்மொழி அந்த வேறுபாட்டைக் கேட்கவே இல்லை. குசினிக்குப் போங்கள். ஒரு கரண்டி, ஒரு கோப்பை போதும். ‘அம்மா சேய்ஸ்’ என்று தொடங்கிச் சொன்னால் மட்டும் செய்ய வேண்டும். அது இல்லாமல் சொன்னால் அசையக் கூடாது. அம்மா சேய்ஸ், புட் த ஸ்பூன் இன் த கப். அம்மா சேய்ஸ், புட் த ஸ்பூன் அண்டர் த கப். பிறகு பிஹைண்ட், நெக்ஸ்ட் டு, இன் ஃபிரன்ட் ஒஃப். எனக்கு ஆங்கிலம் தெரியாதே என்கிறீர்களா? அப்படியானால் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் செய்யுங்கள். நீங்கள் பிழையாக வைத்தால் பிள்ளை திருத்தும். திருத்துகிற பிள்ளைதான் அதிகம் படிக்கிறது. அம்மம்மா விளையாடினால் இன்னும் நல்லது. அவருக்குத் தெரியாது என்பதால் பிள்ளை ஆறுதலாக, தெளிவாகச் சொல்லும்.

அடுத்தது எழுத்துகளின் பெயர். கேட்டல் பகுதியில் ஒரு பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள்; பிள்ளை கேட்டு எழுத வேண்டும். ஒலிப்பதிவு இரண்டு தரம் போகும். ஏ, ஈ, ஐ என்ற மூன்றிலும்தான் மாறாட்டம். ஆங்கிலத்தில் ‘ஈ’ என்று கேட்டால் அது ஐந்தாவது எழுத்து. ஆனால் எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘இ’ ஓசைக்கு நாங்கள் போடுவது ஒன்பதாவது எழுத்தை. சிவா, நிஷா என்று பெயருள்ள பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். இதற்குக் காலி வீதியே வகுப்பறை. 100, 101 பஸ்கள் வருகின்றன. போகுமிடம் மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர் உள்ளங்கையில் விரலால் எழுதி, என்ன ஊர் என்று சொல்ல வேண்டும். தமிழ்ப் பெயர் பக்கத்திலேயே இருப்பதால் விடை சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு ஜெம்பட்டா வீதிக் கடைப் பலகைகள் போதும்.

இன்னொன்று. ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. சிறு பிள்ளைக்கு அதைச் செய்யாதீர்கள். ஆட்டுக்கும் ‘கோட்’, மேலங்கிக்கும் ‘கோட்’. கரடிக்கும் ‘பேர்’, பேரிக்காய்க்கும் ‘பேர்’. தமிழில் எழுதியவுடனே இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, காதும் ஒன்றாகவே கேட்கத் தொடங்குகிறது. அதற்குப் பதிலாக ஒரு துண்டுக் கடதாசியை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். பேரிக்காயைச் சரியாகச் சொன்னால் காற்றுப்பட்டுக் கடதாசி ஆடும். கரடியைச் சொன்னால் ஆடாது. பிள்ளைகள் இதை விடமாட்டார்கள். கரடிப் படத்தையும் பேரிக்காய்ப் படத்தையும் நிலத்தில் போட்டு, சொன்னவுடன் பாய்ந்து தொடச் சொல்லுங்கள். கீழ்வீட்டு உரிமையாளர் சத்தத்துக்குக் கோபிப்பவர் என்றால் தொடுவதற்கு ஈர்க்குச்சி கொடுங்கள்.

மூவர்ஸ் எடுக்கும் பிள்ளைக்கு இரண்டு படங்களுக்கிடையே நான்கு வேறுபாடு சொல்லும் பகுதி வரும். சாப்பாட்டு மேசையில் ஐந்து பொருட்களை வைத்து, பிள்ளை கண்ணை மூடியிருக்கும்போது இரண்டை மாற்றுங்கள். அவ்வளவுதான். நான்கு படங்களில் எது சேராதது என்று காரணத்துடன் சொல்லும் பகுதியும் உண்டு. வாழைப்பழம், மாம்பழம், செவ்விளநீர், கத்தரிக்காய் என்று வையுங்கள். கத்தரிக்காய் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். பிள்ளை இளநீர் என்று சொல்லி, அதைக் குடிக்கலாம் என்றால் அதுவும் சரி. ‘பிகோஸ்’ என்று தொடங்கிக் காரணம் சொல்லிவிட்டதா என்பதே எனக்கு முக்கியம்.

இனி நான் அதிகம் யோசிக்கிற விடயத்துக்கு வருகிறேன். பேசுதல் பகுதியில் பிள்ளை தனியாக ஓர் அறைக்குள் போகும். முன்பின் தெரியாத ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார். உன் பெயர் என்ன, வயது என்ன, வீடு எப்படி, குடும்பத்தில் யார் யார் என்பது போலக் கேட்பார். மற்றப் பிள்ளைகளுக்கு இவை மிக இலகுவான கேள்விகள், அதனால்தான் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு? முகாமில் ஆள் கணக்கெடுப்பு நடந்தபோது, பதிவு செய்தபோது, பயணப் பத்திரம் எடுத்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கேட்டதும் இதையேதான். அப்போது பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, பிழையாகச் சொல்லிவிடாதே என்று பழக்கப்பட்டு நின்றது. ஆங்கிலம் தெரிந்தும் இந்த இடத்தில் வாய் திறக்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, இல்லாமற் போனவர்களையும் எண்ணுவதா விடுவதா என்று திகைக்கும் பிள்ளையும் இருக்கிறது.

இந்தக் கேள்விகளை விளையாட்டாக்குங்கள். பிள்ளையை மேசைக்கு அந்தப் பக்கம் இருத்துங்கள். பிள்ளைதான் இன்று அதிகாரி. ஒரு பேனையும் பழைய கொப்பியும் கொடுங்கள். நீங்கள் வெளியே நின்று தட்டி, ‘குட் மோர்னிங்’ சொல்லி உள்ளே வாருங்கள். ஹவ் ஓல்ட் ஆர் யூ என்று கேட்டால் நூறு என்று சொல்லுங்கள். வீடு எங்கே என்றால் நிலாவில் என்று சொல்லுங்கள். பிள்ளை சிரிக்கட்டும். பிறகு இடம் மாறுங்கள். பரீட்சை அறையில் இருப்பவர் சரிபார்க்க மாட்டார், பதிய மாட்டார், அவருக்கு வேண்டியது ஆங்கிலம் மட்டுமே என்பதைப் பிள்ளைக்குத் தமிழிலேயே விளக்கிச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர்ஸுக்கு ஒரு சொற் பதிலே போதும். எல்லாக் கதையையும் சொல்லத் தேவையில்லை. அப்பாவைப் பற்றிப் பேச விருப்பமில்லாத பிள்ளை தம்பியைப் பற்றி மட்டும் சொல்லலாம். கேள்வி விளங்காவிட்டால் ‘சொறி, ஐ டோன்ற் அண்டர்ஸ்டாண்ட்’ என்று சொல்வது குற்றம் இல்லை. அந்த ஒரு வசனத்தை மட்டும் மனனம் பண்ணுவிக்கலாம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை இன்னும் விளையாடுவோம் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள், நாளைக்குத் தானாக வரும். வென்றால் காசு, தோற்றால் அடி என்று வைக்க வேண்டாம். மூத்த பிள்ளை சாதாரண தரத்துக்குப் படிப்பதாக இருந்தால் நடுவராக வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தனக்கும் படியும்.

செலவு பற்றிக் கேட்டீர்கள். மாதிரி வினாத்தாள்களும் படச் சொற்பட்டியல்களும் கேம்பிரிட்ஜின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் இறக்கி, கொமியூனிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் போதும். நிறம் தீட்டுவது பிள்ளையின் வேலை. பரீட்சைக்குப் பதிந்தவர்கள் வர்ணப் பென்சில் அங்கே தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துகளிலேயே கொடுங்கள். இந்தியச் சான்றிதழில் ஒரு விதமாகவும் இங்கே எடுத்ததில் வேறு விதமாகவும் இருந்தால், பதிவதற்கு முன் எங்கள் அலுவலகத்தில் காட்டுங்கள்.

இப்போது வாசலடி மேசையில் படத்தாள்களும் கத்தரிக்கோல்களும் வைத்திருக்கிறோம். குடும்பத்துக்கு ஒரு தாள். பிள்ளைகள் வெட்டட்டும், பெற்றோர் கதிரையை வட்டமாகப் போடுங்கள். முதலாவது ஆட்டத்தில் பிள்ளைகள்தான் அதிகாரிகள்.