விழாமலே முறியும் முதுகெலும்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்கள்முன் நோயைப் பற்றிப் பேச எழுந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்று நம்மைப் பேசத் தூண்டுகிறது.

நம் சங்கத்து அம்மையார் ஒருவர்க்கு ஆறு ஆண்டுகட்கு முன் மார்பகப் புற்றுநோய் கண்டது. மருத்துவத்தால் நலம் பெற்றார். நேர்ந்துகொண்டவாறு சென்ற ஆண்டு அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறினார். இறங்கி வந்த பின் நடுமுதுகில் வலி. "மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஆயிற்றே, அலுப்புத்தான்" என்றோம். ஆம், நாமும் அவ்வாறே சொன்னோம். தைலம் தேய்த்தனர். படுத்தால் வலி மிகுந்தது. இரவில் உட்கார்ந்தே உறங்கினார். நான்காம் வாரம் காலணி கழன்றதையும் அறியாமல் நடந்தார். மருத்துவரிடம் சேர்ப்பதற்குள் கால்கள் ஓய்ந்தன. முள்ளெலும்பு ஒன்று நொறுங்கித் தண்டுவடத்தை நெருக்கியிருந்தது. அவர் எங்கும் விழவில்லை, எதிலும் மோதவில்லை.

எலும்பு முறிவு என்றதும் சித்தூர்ச் சீமையில் உள்ளவர் நாவில் எழுவது புத்தூர்க் கட்டு. தலைமுறை தலைமுறையாகப் பச்சிலையும் முட்டை வெண்கருவும் மூங்கில் பத்தையும் கொண்டு கட்டி வரும் அக்கலையின் புகழ் சென்னை வரை பரவியது. ஆயின் அடிபட்டு முறிந்த கையெலும்பு நல்ல எலும்பு. அசையாது வைத்தால் தானே கூடும். புற்றுநோய் அரித்த முள்ளெலும்போ கறையான் தின்ற உத்தரம் போன்றது. கட்டுக்கு அடங்காது. பிடித்துத் திருகுவதும் மிதித்து நீவுவதும் பெருந்தீங்கு.

மார்பகத்து நோய் முதுகுக்கு வந்ததெங்ஙனம்? ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889இல் இதனை விதைக்கும் நிலத்துக்கும் ஒப்பிட்டார். புற்றணுக்கள் குருதியில் எங்கும் செல்லினும், ஏற்ற நிலத்திலேயே முளைக்கும். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் புற்றுக்கு எலும்பு ஏற்ற நிலம். முதுகெலும்பைச் சூழ்ந்த சிரைகளில் தடுக்கிதழ்கள் இல்லாமையால் குருதி இருபுறமும் ஓடும். அவ்வழியே நோய் பரவக்கூடும் என்று 1940இல் பேட்சன் காட்டினார். வந்து தங்கிய புற்றணுக்கள், எலும்பைக் கரைக்கும் உடலின் சொந்த அணுக்களையே ஏவி விடுகின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கேனும் கரைந்த பின்னரே சாதாரண எக்ஸ்ரே படத்தில் குறை தெரியும். ஆகவே படம் நன்றாக இருக்கிறதென்று அமைதியடைதல் கூடாது, எம்.ஆர்.ஐ. படமே உண்மை சொல்லும்.

முன்பு புற்றுநோய் கண்டவர்க்குப் புதிதாக முதுகு வலி வந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் பழைய நோயையும் சொல்லுங்கள். கால் சோர்வு, மரமரப்பு, சிறுநீர் அடைப்பு தோன்றினால் அன்றே செல்லுங்கள். மறுநாள் என்பது இல்லை. ஸ்டீராய்டு மருந்து, கதிர் மருத்துவம், தேர்ந்தெடுத்தவர்க்கு அறுவை என வழிகள் உள. தண்டுவடம் நெருக்குண்டவர்களைப் பற்றி 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அறுவையும் கதிரும் பெற்றோருள் நூற்றுக்கு 84 பேர் நடந்தனர். கதிர் மட்டும் பெற்றோருள் 57 பேர். எம்முறையாயினும், நடக்கும் நிலையில் வந்தவரே பெரும்பாலும் தொடர்ந்து நடக்கின்றனர். கால் முற்றும் ஓய்ந்தபின் வந்தவர் எழுவது அரிது.

தொலைவும் இன்று காரணமாகாது. திருப்பதியில் 1993 முதல் ஸ்விம்ஸ் மருத்துவமனை இயங்குகிறது. 2022இல் டாட்டா அறக்கட்டளையின் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. சித்தூரார்க்கு வேலூர் அண்மையிலேயே உளது. அவ்வேலூரில்தான், 1954இல் ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையையும் நிறுவினார்.

நாம் சொன்ன அம்மையார் முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இதனைக் கூற இசைவளித்தவரும் அவரே. இன்று மாலை மண்டபத்தின் ஏழு படிகளில் நால்வர் அவரைத் தூக்கி வந்தனர். அடுத்த ஆண்டு விழாவைச் சரிவுப் பாதையுள்ள மண்டபத்தில் நடத்துமாறு செயலாளர் அவர்களை அவையறியக் கேட்டுக்கொள்கிறோம்.