மாத்தளையில் நின்ற பாதை

ஒரு புகையிரதப் பாதையை நீட்டுமுன் எவ்வழி சிறந்தது என ஆராய்வது வழக்கம். நிலத்தின் மேடுபள்ளம், செலவு, சரக்கால் வரும் வருவாய் ஆகியவை அப்போது கணக்கிடப்படும். அவ்வழியே நடந்து செல்லும் மக்களும் கணக்கில் சேரவேண்டும்.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் புகையிரதம் வந்தது. தோட்ட விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்திற்கு அனுப்ப அது பெரிதும் உதவிற்று. ஆனால் அத்தோட்டங்களில் உழைக்க வந்த தமிழ்த் தொழிலாளர் பலர், 19ஆம் நூற்றாண்டில், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாக ஏறத்தாழ 150 மைல் கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். விளைச்சல் வண்டியேறிற்று, விளைவித்தவர் நடந்தனர்.

பின்னர் வடபகுதிப் பாதை குருநாகல், அனுராதபுரம் வழியே சென்று 1905இல் யாழ்ப்பாணத்தை இணைத்தது. மலைச்சரிவைவிடச் சமவெளியில் தண்டவாளம் இடுதல் எளிது. ஆகவே அத்தெரிவு பொருத்தமற்றதன்று. எனினும் மாத்தளைப் பாதை இன்றும் மாத்தளையோடு முடிகிறது. அதற்கு வடக்கே நாலந்தாவைக் கடந்து செல்வோருக்கு நெடுஞ்சாலையே துணை.

இனி எங்கேனும் புதிய பாதைக்கு வழிகளை ஒப்பிடுவோர், மூட்டைகளை எண்ணுமுன் அவ்வழி நடப்போரை எண்ணுவார்களாக.