அசோலாவும் அதன் பங்காளியும்
(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



சில மாதங்களுக்கு முன்னால் ஆனைமலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் ஒரு வாளி நிறையப் பச்சையாக எதையோ கொண்டு வந்தார். "ஏனுங்க, பாலக்காட்டுப் பக்கம் குட்டையில அசோலா சும்மாவே கெடச்சுதுங்க. தொட்டியில வளத்தி மாட்டுக்குப் போடலாமுங்களா?" என்று கேட்டார். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அது அசோலா இல்லை, சால்வீனியா. கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்பார்கள். பேர்தான் ஆப்பிரிக்கா, சொந்த ஊர் தென் அமெரிக்கா. குட்டநாட்டு நெல் வயல்களையும் வாய்க்கால்களையும் பாய் விரித்த மாதிரி மூடிய களை அது. 1980-களில் பிரேசில் நாட்டுக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அதன் கொட்டம் அடங்கியது.

அவர் ஏமாந்ததில் தப்பில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். இரண்டுமே பாசி அல்ல, பெரணிகள். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில், ஈரம் கசியும் பாறையில் தொங்குமே, அந்த இனம். பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலைக்கு அடியில் பழுப்புப் பொட்டாக இருக்கிற தூள்தான் அதற்கு வித்து. 1863-லேயே பெடோம் என்ற வனத்துறை அதிகாரி தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு புத்தகமாகப் போட ஆரம்பித்துவிட்டார்.

மலைப் பெரணிக்கு யாரும் உரம் வைப்பதில்லை. பிறகு எப்படிச் செழிக்கிறது? பெரும்பாலான நிலத்துப் பெரணிகளின் வேருக்குள் ஒரு பூசணம் குடியிருக்கிறது. நூலைவிட மெல்லிய இழைகளை மண்ணில் நீட்டி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கும். சில பெரணிகள் இளம் பருவத்தில் பச்சையமே இல்லாமல் மண்ணுக்குள் கிடந்து, முழுக்கப் பூசணத்தின் தயவிலேயே பிழைக்கின்றன.

தண்ணீரில் மிதக்கிற அசோலாவுக்கு இந்த உதவி கிடையாது. அதற்கு வேறு கூட்டாளி: இலைக் குழிக்குள் இருக்கும் நீலப்பச்சைப் பாசி. அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும், மணிச்சத்தைக் கொடுக்காது. அதனால்தான் அசோலா தொட்டிக்கு சூப்பர் பாஸ்பேட் போடச் சொல்கிறோம். மணிச்சத்து குறைந்தால் அசோலா சிவக்கும். வெயில் கடுமையானாலும் சிவக்கும், ஆகவே நிழலையும் கவனியுங்கள்.

2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் தார்பாய் விரித்த குழி போதும். சலித்த மண் 10 முதல் 15 கிலோ, சாணி 2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், 10 செ.மீ. தண்ணீர். அரை கிலோ முதல் ஒரு கிலோ அசோலா விட்டால், பத்து நாளில் தினம் அரை கிலோ எடுக்கலாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணியும் 20 கிராம் சூப்பரும் கரைத்து ஊற்றுங்கள்.

அடையாளம் இதுதான். அசோலா இலை கடுகளவு, செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அடியில் மெல்லிய வேர் தொங்கும். சால்வீனியா இலை கட்டைவிரல் நகத்துக்கும் பெரிசு, மேலே ரோமம் இருக்கும், தண்ணீர் ஒட்டாது. அடியில் தொங்குவது வேரே அல்ல, உருமாறிய இலை.

மேட்டாங்காட்டுப் பயிருக்கும் அந்த வேர்ப் பூசணம் உதவும். வேர் உட்பூசணம், 'வாம்' என்று விற்கிறார்கள். தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே 2, 3 செ.மீ. ஆழத்தில் இடுங்கள். முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கிக்கு வாங்கிக் காசைத் தொலைக்காதீர்கள். அந்தக் குடும்பத்து வேரில் அது ஒட்டாது.

அந்த வாளியை என்ன செய்தோம் என்கிறீர்களா? வாய்க்காலுக்கு எட்டாத களத்தில் கொட்டி, சருகாகக் காயவிட்டு எருக்குழியில் போட்டோம். அவர் அரை கிலோ நல்ல அசோலா வாங்கிக்கொண்டு போனார்.