விழுந்தார்களா, விரட்டப்பட்டார்களா?

(தாமிரபரணி நினைவு நாள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. போனவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கொக்கிரகுளத்தில் ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. தடியடி தொடங்கியதும் மக்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். பெண்கள், ஒரு குழந்தை உட்பட 17 பேர் பிணமானார்கள்.

நீதிபதி மோகன் ஆணையம், அவர்களில் 11 பேர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொன்னது. அன்று முதல் நமக்குக் கிடைக்கும் பதில் இதுதான்: போலீஸ் யாரையும் கொல்லவில்லை, அவர்களாக ஓடினார்கள், அவர்களாக விழுந்தார்கள்.

சட்டம் அப்படியா சொல்கிறது? இந்திய தண்டனைச் சட்டத்தின் 299ஆவது பிரிவைப் பாருங்கள். இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆவது பிரிவு. அதன் முதல் எடுத்துக்காட்டே ஒரு குழி. ஒருவன் குழியின் மேல் குச்சியையும் புல்லையும் பரப்பி மூடுகிறான். இன்னொருவன் கெட்டித் தரை என்று நம்பிக் கால் வைத்து, விழுந்து சாகிறான். கால் வைத்தது செத்தவன்தான். ஆனாலும் சாவு நேரும் என்று தெரிந்தே மூடியிருந்தால், மூடியவன் குற்றவாளி. கொல்லும் எண்ணம் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. சாவு நேரக்கூடும் என்ற அறிவு போதும்.

துரத்தப்பட்டவர் இடறி விழும்போதெல்லாம் காவலரைக் கொலைகாரர் என்று நான் சொல்லவில்லை. ஓடுவதற்கு வேறு வழி விட்டார்களா? ஆபத்து கண்ணுக்குத் தெரிந்த பிறகும் விரட்டினார்களா? தத்தளித்தவர்களைக் காப்பாற்றினார்களா? இவற்றைத்தான் கேட்க வேண்டும். கரையில் லத்தியோடு நின்றவர்களுக்கு எதிரே ஓடும் ஆறு தெரியாதா?

இதை விசாரிக்க வேண்டியது குற்றவியல் நீதிமன்றம். ஆணையத்தின் அறிக்கை யாரையும் தண்டிக்காது. நீதிமன்றத்துக்குப் போகும் வழியிலோ ‘அரசின் முன்அனுமதி’ என்ற பூட்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 132, 197 ஆகிய பிரிவுகளில் இருந்தது. புதிய சட்டத்திலும் தொடர்கிறது. யாருடைய போலீஸ் மீது குற்றச்சாட்டோ, அந்த அரசின் கையிலேயே சாவி!

ஆண்டுதோறும் ஆற்றில் மலர் தூவுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. போலீஸ் விரட்டி நேரும் ஒவ்வொரு சாவுக்கும் முதல் தகவல் அறிக்கை வேண்டும். அதே காவல்துறை அதைப் புலனாய்வு செய்யக் கூடாது. முன்அனுமதிப் பூட்டு உடைய வேண்டும்.

ஆற்றின் மீது பழி போட்டது போதும், தோழர்களே.