வளைகோட்டின் கீழே அடைபட்ட பரப்பு

கரும்பலகையின் துணையின்றிக் கணிதம் பேசுவது சிரமமான காரியந்தான் எனினும், தரைக்கோடு ஒன்றில் பூஜ்யத்திலிருந்து 1 வரை நகர்ந்து, ஒவ்வோரிடத்திலும் அதுவரை வந்த தூரத்தின் வர்க்கம் எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் புள்ளியிட்டுக்கொண்டே போனால், பாதி வழியில் கால் உயரமும் முடிவில் முழு உயரமுமாக எழும் பரவளையம் ஒன்றைத் தாங்கள் மனக்கண்ணால் காணலாம். அதன் கீழே அடைபட்ட பரப்பு எவ்வளவு?

தரையைப் பத்துச் சமபாகங்களாக்கி, வளைகோட்டுக்குள் அடங்கும் செவ்வகங்களைக் கூட்டினால் 0.285 வரும், வளைகோட்டை மூடிநிற்கும் செவ்வகங்களைக் கூட்டினால் 0.385. நூறு பாகங்களாக்கினாலோ 0.32835, 0.33835. இவ்விரண்டுக்கும் இடையில் நெருக்குண்டு, தப்ப வழியின்றி நிற்பது மூன்றில் ஒரு பங்கு என்னும் எண். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சைரக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ், செவ்வகங்களுக்குப் பதிலாக முக்கோணங்களை அடுக்கி, இதே பொறுமையோடுதான் பரவளையத் துண்டின் பரப்பைக் கண்டார்.

பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்ஸும் இந்தப் பிரயாசையை ஒரே வரியில் அடக்கிவிட்டார்கள். எதனை வகையிட்டால் வர்க்கம் கிடைக்குமோ அதனை, அதாவது கனத்தின் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மேல் எல்லையில் அதற்குள்ள மதிப்பிலிருந்து கீழ் எல்லையில் உள்ள மதிப்பைக் கழித்தால் போதும், விடை வந்துவிடும்.

இத்தனை சுலபமானதனாலேயே, தாம் செய்வது ஒரு கூட்டல் என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். வர்க்கத்தின் தலைகீழியை, அதாவது ஒன்றை வர்க்கத்தால் வகுத்து வருவதை, கழித்தல் 1 முதல் 1 வரை தொகையிடச் சொல்லுங்கள்; சூத்திரத்தில் எல்லைகளைப் பிரதியிட்டு, விடை கழித்தல் 2 என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்துவிடுவார்கள். எல்லா உயரங்களும் தரைக்கு மேலேயே இருக்க, அவற்றின் தொகை எப்படி ஐயா தரைக்குக் கீழே போகும்?

குற்றம் சூத்திரத்தினுடையதன்று. இடைவெளி நெடுகிலும் சார்பு தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இங்கேயோ பூஜ்யத்தருகே உயரம் வரம்பின்றி வளர்கிறது. ஆகையால் பூஜ்யத்தைத் தொடாமல், வலப்புறத்தில் 0.01 இலிருந்து 1 வரை மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால் பரப்பு 99, 0.001 இலிருந்து தொடங்கினால் 999; இன்னும் நெருங்கினால் இன்னும் பெருகும். எந்த எண்ணிலும் நிலைகொள்ளாத அத்தொகைக்கு மதிப்பு என்று ஒன்று கிடையாது.