ஓசை இழந்த கணினி

தேயிலைத் தோட்டத்தின் நாள் ஓசையோடுதான் புலர்கின்றது. முற்காலத்தில் விடியுமுன்னே முழங்கிய தப்பு லயங்களைத் துயிலெழுப்பிற்று. பின்னர் தொழிற்சாலையின் சங்கு அப்பணியை ஏற்றுக்கொண்டது. பெரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடும் குரல், மலையிலே கங்காணியின் குரல், மாலையிலே கோவில் மணி, இரவிலே காம்பராவின் மூலையிலிருந்து வானொலி என்று, மலையகத்து வாழ்வின் ஒவ்வொரு பொழுதையும் ஓர் ஓசை வகுத்து வைத்தது. ஏட்டுக் கல்வி எட்டாதிருந்த தலைமுறைகள் உலகத்தைச் செவி வழியாகவே அறிந்துகொண்டன. கொழும்பிலே 1925ஆம் ஆண்டு தொடங்கிய ஒலிபரப்பு, காலப்போக்கில் அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் அப்பாலுள்ள மலைமடிப்புகளிலும் ஒலித்தது என்றால், அதற்குக் காரணம் கேட்டறியும் வேட்கையேயன்றி வேறில்லை. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கென்று தனியே மற்றோர் அதிகாரம் வகுத்ததன் பொருளை மலையகம் தன் அனுபவத்தால் உணர்ந்திருக்கின்றது.

இன்று அச்செவிச் செல்வத்தைக் கொண்டுவரும் கருவிகளுள் கணினியும் ஒன்றாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளை நோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியரின் குரல் கணினி வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் மாணவரை நாடிச் சென்றது. பாடசாலைகள் திறந்த பின்னரும் அவ்வழக்கம் ஒழிந்துவிடவில்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாத இடங்களில், தொலைவிலிருந்து கற்பிக்கும் ஒருவருடைய குரல் கணினியினூடே வகுப்பறையை அடைகின்றது. ஆங்கிலச் சொல்லின் சரியான உச்சரிப்பை மாணவன் கணினியைக் கேட்டே பழகுகின்றான்.

இனி, ஒரு காட்சியை மனக்கண் முன் கொண்டுவரலாம். பொகவந்தலாவை வீதியிலே ஒரு தோட்டப் பாடசாலை. நாற்பது பிள்ளைகளுக்கு இருப்பது ஒரே கணினி. முதல் நாள் மாலையில் அக்கணினி தன்னைத்தானே இற்றைப்படுத்திக்கொண்டது. மறுநாட் காலை ஆசிரியை பாடத்தைத் தொடக்குகின்றார். திரையிலே ஒருவர் பேசுகின்றார், உதடுகள் அசைகின்றன, ஓசை மட்டும் இல்லை. ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கின்றார்கள். வடத்தைப் பிடுங்கி மீண்டும் செருகுகின்றார்கள். முடிவிலே, "கணினி பழுதாகிவிட்டது; டவுனுக்குக் கொண்டு போக வேண்டும்" என்று ஒருவர் தீர்ப்புரைக்கின்றார். டவுனுக்குப் போவதென்றால் ஒரு பெற்றோர் ஒரு நாட் பேரை இழக்க வேண்டும். 2021ஆம் ஆண்டிலே 1,000 ரூபாவாகவும் 2024ஆம் ஆண்டிலே 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது சிறு இழப்பன்று. பஸ் கட்டணமும் திருத்தக் கூலியும் வேறு. ஆனால், இத்தகைய வேளைகளிற் பலவற்றில் கணினியில் எந்தப் பொருளும் உடைந்திருப்பதில்லை என்பதே உண்மை.

அப்படியாயின், ஓசை எங்கே போயிற்று? கணினிக்குள் ஓசை எண்களாகவே இருக்கின்றது. ஒரு விநாடி நேரத்து ஒலியைக் குறிக்க 44,100 அல்லது 48,000 முறை அளந்த எண்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவ்வெண்களை மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் வேலையை ஒரு சிறு சில்லு செய்கின்றது. முழுக் கணினியையும் ஆட்சி புரிவது பணிசெயல் முறைமை. விண்டோஸ் என்பது அவற்றுள் ஒன்று. இந்த ஆட்சியாளருக்கும் அந்தச் சில்லுக்கும் நேரடியான பேச்சு கிடையாது. இரண்டுக்கும் இடையே நின்று ஒன்றன் கட்டளையை மற்றதற்கு விளங்கவைக்கும் மென்பொருளை 'ட்றைவர்' என்பர்.

தோட்டத்து நடைமுறையை அறிந்தோருக்கு இது புதுமையாக இராது. பெரிய துரை ஆணையிடுவார். மலையிலே வேலை நடக்கும். இடையில் நின்று இரு தரப்பு மொழியையும் அறிந்து பணியை நடத்துபவர் கணக்கப்பிள்ளை. ஒரு நாள் புதிய துரை வருகின்றார். புதிய சட்டங்களை விதிக்கின்றார். பழைய கணக்கப்பிள்ளைக்கு அச்சட்டங்கள் விளங்காவிடின், தொழிலாளர் இருந்தும், கொழுந்து இருந்தும், வேலை நின்றுபோகும். பணிசெயல் முறைமையை இற்றைப்படுத்தியபின் ஓசை நின்றுபோவதும் பெரும்பாலும் இவ்வாறே. சில்லும் நலமாக இருக்கும். ஒலிபெருக்கியும் நலமாக இருக்கும். இடையில் நிற்கும் ட்றைவரே வழி தெரியாமல் திகைத்து நிற்கும்.

இது தோட்டப் பாடசாலைக்கு மட்டும் நேரும் விதி என்று எண்ணுதல் வேண்டா. 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் ஒலி ட்றைவர் ஒன்று, பொருந்தாத கணினிகளுக்கும் விண்டோஸ் இற்றைப்படுத்தல் வழியாகத் தவறுதலாகச் சென்றுவிட்டது. அவற்றில் ஓசை நின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் அத்தவற்றை ஒப்புக்கொண்டு, அந்த ட்றைவரை நீக்கும் திருத்தத்தை வெளியிட்டது. 2024ஆம் ஆண்டு டிசெம்பரில், ஒலியை மெருகூட்டும் ஒரு மென்பொருட் கூறு இருந்த கணினிகளில் விண்டோஸ் 11இன் புதிய பதிப்பு ஓசையை அடக்கிவிட்டமையால், அக்கணினிகளுக்கு அப்பதிப்பை வழங்காது நிறுத்தி வைத்தார்கள். 2025ஆம் ஆண்டு ஜனவரித் திருத்தத்தின் பின்னரோ, யூ.எஸ்.பி. வழி இணைக்கும் ஒலிக்கருவிகளுட் சில இயங்க மறுத்தன. பெருஞ்செல்வர் கணினியும் தோட்டத்துப் பிள்ளையின் கணினியும் இவ்விடயத்தில் ஒரே நிலையில் உள்ளன.

பரிகாரம் என்ன? நல்ல வைத்தியர் எளிய காரணத்தை முதலில் ஆராய்ந்து, அரிய காரணத்தை இறுதியில் ஆராய்வார். அம்முறையே இங்கும் ஏற்றது.

முதலாவதாக, வெளியே உள்ளவற்றைப் பார்த்தல் வேண்டும். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வருகின்றதா? அதன் வடம் பச்சை நிறத் துளையில் உள்ளதா, அல்லது ஒலிவாங்கிக்குரிய இளஞ்சிவப்புத் துளையில் உள்ளதா? விசைப்பலகையில் ஓசையை அடக்கும் விசையை எவரேனும் அழுத்திவிட்டனரா? அதே ஒலிபெருக்கியைக் கைத்தொலைபேசியில் மாட்டிப் பார்த்தால், குற்றம் எந்தப் பக்கம் என்பது ஒரு நிமிடத்தில் தெளிவாகும். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியா போன்ற இடங்களில், மூடுபனியின் ஈரத்தால் செருகிகள் களிம்பேறுவதும் உண்டு. உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு மூன்று முறை செருகி எடுத்தலே அதற்கு மருந்து.

இரண்டாவதாக, ஓசை வேறு வாயிலால் போகின்றதா என்று பார்த்தல் வேண்டும். இற்றைப்படுத்தலின் பின், கணினி தன் ஓசையை ஒலிபெருக்கிக்கு அனுப்பாமல், எச்.டி.எம்.ஐ. வடத்தில் மாட்டிய திரைக்கு அனுப்பத் தொடங்குவது அடிக்கடி காணும் குறை. அத்திரையில் ஒலிபெருக்கி இல்லையாயின் ஓசை எவருக்கும் கேளாது. திரையின் வலப்பக்கக் கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தை அழுத்தி, பட்டியலில் 'ஸ்பீக்கர்' என்பதைத் தெரிந்தால் போதும். ஒரு செயலிக்கு மட்டும் ஓசை குறைந்திருக்கவும் கூடும். 'வொலியூம் மிக்ஸர்' என்னும் இடத்தில் அதைக் காணலாம்.

மூன்றாவதாக, கணினியை மீளத் தொடக்குதல் வேண்டும். இங்கே பலரும் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. 'ஷட் டவுன்' கொடுத்து அணைத்து மறுபடி போடுவதும், 'ரீஸ்டார்ட்' கொடுப்பதும் ஒன்றல்ல. பல கணினிகளில், விரைவாக எழும்பும் பொருட்டு, அணைக்கும்போது முறைமையின் மையப்பகுதியை அப்படியே சேமித்து வைக்கும் ஏற்பாடு இருக்கின்றது. ஆகவே அணைத்துப் போட்டால் பழைய கோளாறும் கூடவே எழுந்துவரலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டுமே ட்றைவர்கள் யாவும் புதிதாகத் தொடங்கும்.

நான்காவதாக, ட்றைவரை விசாரித்தல் வேண்டும். 'டிவைஸ் மனேஜர்' என்னும் பகுதியைத் திறந்தால், கணினியின் உறுப்புகளெல்லாம் பெயர்ப்பட்டியலாகக் கிடைக்கும். ஒலிக்குரிய பெயரின் அருகே மஞ்சள் நிற முக்கோணம் தென்பட்டால் கோளாறு அங்கேதான். அப்பெயரின் பண்புகளைத் திறந்து, 'றோல் பாக் ட்றைவர்' என்பதை அழுத்தினால் முந்தைய ட்றைவர் திரும்பிவரும். அப்பொத்தான் மங்கியிருப்பின், திரும்பிச் செல்லப் பழையது இல்லை என்பது பொருள். அப்போது அந்தச் சாதனத்தை அங்கேயே நீக்கிவிட்டு 'ரீஸ்டார்ட்' கொடுத்தால், விண்டோஸ் தானே தேடி ஒரு ட்றைவரை மீள நிறுவும். அதுவும் பயனளிக்காவிடின், கணினியை ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாதிரிக்குரிய ட்றைவரைப் பெறுதலே நன்று. கண்ட இடத்தில் கிடைக்கும் 'இலவச ட்றைவர்' மென்பொருள்களை நாடுதல், காய்ச்சலுக்கு வழிப்போக்கனிடம் மருந்து வாங்குவதை ஒக்கும்.

ஒலி கேட்டும் குரல் போகாதிருந்தால், அஃது ஒலிவாங்கியின் குறை. அந்தரங்கப் பாதுகாப்புக்குரிய 'பிரைவசி' பகுதியில், ஒலிவாங்கியைச் செயலிகள் பயன்படுத்த அனுமதி இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். அது மூடப்பட்டிருந்தால், மாணவன் எத்தனை உரக்கப் பதில் கூறினாலும் ஆசிரியருக்கு எட்டாது.

எல்லாம் செய்தும் பயனில்லையாயின், இற்றைப்படுத்தலையே பின்வாங்கச் செய்யலாம். மாதந்தோறும் வரும் சிறு திருத்தங்களை இற்றைப்படுத்தல் வரலாற்றுப் பக்கத்தில் நீக்கலாம். முழுப்பதிப்பே மாறியிருந்தால், பொதுவாக 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்ப இடமுண்டு. அத்தவணை கடந்தபின் அவ்வழி அடைபடும்.

"இத்தனை தொல்லை எதற்கு? இற்றைப்படுத்தலையே நிறுத்திவிட்டால் என்ன?" என்று கேட்போரும் உளர். 2017ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான ஒரு திருத்தத்தை ஏற்காதிருந்த கணினிகளை, அவ்வாண்டு மே மாதம் 'வன்னாக்ரை' என்னும் நச்சுநிரல் தாக்கியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பியனுப்பும் நிலைக்கு ஆளாயின. ஆகவே இற்றைப்படுத்தலை மறுப்பது அறிவுடைமையன்று. ஆயத்தத்தோடு ஏற்பதே அறிவுடைமை. விண்டோஸ் 10க்கு வழங்கிய பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிந்தமையால், பழைய கணினிகளை வைத்திருப்போர் பலர் விண்டோஸ் 11க்கு மாற முயல்கின்றனர். பழைய ஒலிச் சில்லுக்குப் புதிய ட்றைவர் கிடைக்குமா என்பதை மாறுமுன்னரே விசாரித்தறிதல் நலம். மழைக்காலத்து மின்வெட்டு நேரத்தில் இற்றைப்படுத்தலைத் தொடக்குவதும் தகாது. பாதியில் மின்சாரம் நின்றால் முறைமையே குலையக்கூடும். வெள்ளி மாலையில் பாடம் முடிந்தபின் செய்தால், பிழை நேரினும் திருத்த இரண்டு நாள் உண்டு.

இங்கே மறவாதிருக்க வேண்டியோர் ஒருசாரார் உளர். கண்பார்வையற்ற மாணவர் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு கணினியை ஆள்கின்றனர். 2006ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவில், தாமும் பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்பார் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்னும் இலவச மென்பொருள் தமிழையும் வாசித்துக் காட்டும். பார்வையுள்ளோருக்கு ஓசை போனால் பாடம் போகும். பார்வையற்றோருக்கோ கணினியே போய்விடும். பழுதைத் திருத்தும் பக்கத்தைத் திறக்கவும் அவர்களுக்கு ஓசை வேண்டும். ஆதலால், யூ.எஸ்.பி. வழி இணைக்கும் சிறிய ஒலிக்கருவி ஒன்றை வாங்கி மேசையில் வைத்திருத்தல் நன்று. அதற்குத் தனிச் சில்லும் தனி ட்றைவரும் இருப்பதால், உள்ளிருக்கும் வழி அடைபட்டாலும் இந்த வழி பெரும்பாலும் திறந்திருக்கும். 2025 ஜனவரியில் நேர்ந்ததுபோல் இது அடைபட்டாலோ, அது திறந்திருக்கும்.

இறுதியாக ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. செய்ததை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதுக. தேயிலைத் தொழிற்சாலையிலே உருளை இயந்திரத்துக்கு ஏடு வைப்பார்கள் அல்லவா? வகுப்பறைக் கணினிக்கும் அத்தகைய ஏடு ஒன்று வேண்டும். அதனை எழுதும் பொறுப்பை மாணவரிடமே ஒப்படைத்தல் இன்னும் சிறப்பு. அடுத்த முறை கணினி ஓசை இழக்குமாயின், அட்டன் நகருக்கு அதைச் சுமந்து செல்வதற்கு முன், பத்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அக்கொப்பியைப் புரட்டிப் பார்த்து, பட்டியலில் உரிய பெயரைத் தெரிந்து அழுத்துவாள். திரையிலே உதடசைத்தவரின் குரல் எழும். நாற்பது பிள்ளைகளும் பாடத்தைக் கேட்பார்கள்.