காடும் கட்டிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, சரக்கு அலுவலகத்தில் காகிதம் பார்க்கும் குமாஸ்தாவாகிய நமக்கு அத்துணிவு இல்லை. ஆதலின் நாம் நாள்தோறும் காணும் மரத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

நாம் பிழைக்க வந்த இம்மேல் அஸ்ஸாம் மழைக்காட்டு நாடு. நூறடிக்கு மேல் ஓங்கும் ஹொல்லாங் மரமும், நாகர் மரமும் இங்கே வளர்கின்றன. நாகர் மரம் வேறன்று. நம் மலைகளில் நாங்கு எனப்படுவதே அது. அதன் வயிரம் ரயில் ஸ்லீப்பர் கட்டையாயிற்று. இன்று தண்டவாளத்தைத் தாங்குபவை பெரும்பாலும் கான்கிரீட் கட்டைகள். முன்னாளில் ஒரு கிலோமீட்டருக்கு 1,000-க்கு மேற்பட்ட மரக்கட்டைகள் வேண்டியிருந்தன. அவை உளுத்தால் மீண்டும் காட்டையே நாட வேண்டும். காடு தீர்ந்துவிடுமோ என்னும் கவலையும் ஒரு காரணமாகவே 1864-ல் வனத்துறை தோன்றியது. டீட்ரிக் பிராண்டிஸ் அதன் முதல் தலைவரானார். ரயில்வேயின் உப்பைத் தின்னும் நாம் காட்டுக்குக் கடன்பட்டவர்கள்.

அப்படியானால் மரமே வெட்டலாகாதா? வெட்டலாம், முறை அறிந்து வெட்ட வேண்டும். குறித்த சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தையே அடையாளமிட்டு வெட்டுதல், விதை தரும் தாய்மரங்களை விட்டுவைத்தல், வெட்டிய பகுதியைப் பல்லாண்டுகள் ஓய்வில் விடுதல் ஆகியவை அம்முறை. கொடிகளை முன்னரே அறுத்துவிட்டால், விழும் மரம் அண்டை மரங்களைப் பற்றி இழுக்காது. ஹொல்லாங் இனத்து விதை நெல்லைப் போல் குதிரில் காத்திருப்பதன்று. சில வாரங்களில் முளைக்காவிடில் பட்டுப்போகும். தாய்மரம் போனால் குலமே போயிற்று.

இம்முறை மீறப்பட்டமையால், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையான ஆணை பிறப்பித்தது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து பிற மாநிலங்களுக்கு மரம் ரயிலில் செல்வதும் தடைப்பட்டது. அருணாசலத்தின் திரப், சாங்லாங் மாவட்டங்களின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அஸ்ஸாமில் இருந்த மர அறுவை ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் மூடப்பட வேண்டுமென ஆணையாயிற்று. அவ்வழக்கின் வேர் நம் தமிழகத்தில் உள்ளது. நீலகிரிக் கூடலூர்க் காடுகளைக் காக்க, நிலம்பூர்க் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கு அது.

ஆணையால் காடு மூச்சு விட்டது. ஆயினும் ஆலைத் தொழிலாளர் வேலையிழந்தனர். மரம் இழுத்த யானைகளுக்கும் வேலை போயிற்று. முறையாக வெட்டியிருந்தால் இருசாராரும் வாழ்ந்திருப்பர். பின்னர் 1998-ல், ஒப்புதல் பெற்ற செயல்திட்டத்தின்படி வெட்ட நீதிமன்றமே வழி வகுத்தது. எஞ்சிய திஹிங் பட்காய்க் காடு 2004-ல் சரணாலயமாயிற்று. 2021-ல் தேசியப் பூங்காவும் ஆயிற்று.

இனி ஓர் ஒப்புதல் வாக்குமூலம். சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்தில் ஒரு கட்டில் வாங்கினோம். கடை விலையில் பாதிக்கே கிடைத்தது. இரவில் வந்து இறங்கியது. அலுவலகத்தில் ஒரு தாள் குறைந்தாலும் சரக்கைத் திருப்பியனுப்பும் நாம், அன்று வனத்துறைச் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. மலிவு நம் வாயை அடைத்தது. படுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி முதுகில் உறுத்துகின்றது.

காட்டைக் காப்பவர் காவலர் மட்டுமல்லர், வாங்குபவரும் ஆவர். வாங்குவார் இல்லையேல் திருட்டுக் கோடரி ஓயும். தை பிறந்தால் நம் காலனியில் திருமணங்கள் வரும். பெண்ணுக்குக் கட்டிலும் பீரோவும் செய்வோம். அன்று மரத்தின் விலையைக் கேட்குமுன் சீட்டைக் கேட்போமாக. பழைய மரம் கிடைப்பின் அதையே இழைத்துக் கொள்வோமாக. வந்தாரை வாழவைத்த இம்மண்ணுக்கு நாம் செய்யத்தக்க சிறு கைம்மாறு அதுவே.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை ஏற்ற இந்நாடு!